விளையாட்டு செய்கிறவர்களுக்கு விளையாட நேரம் இல்லை!

பையன் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுகிறான். பட்டனை அழுத்துகிறான். வீரன் ஓடுகிறான். குதிரை பாய்கிறது. மழை கொட்டுகிறது.

அந்த மழை தானாகப் பெய்யவில்லை. ஓவியர் ஒருவர் அதை வரைந்தார். குளம்புச் சத்தத்தை இன்னொருவர் சேர்த்தார். பட்டனை அழுத்தினால் குதிரை பாய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதியவர் வேறொருவர். பெரிய விளையாட்டு என்றால் பல நூறு பேர், பல ஆண்டுகள் பாடுபட வேண்டும்.

"விளையாடிக்கொண்டே சம்பளம் வாங்குகிறார்கள். கொடுத்து வைத்தவர்கள்!" என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே கதை வேறு.

பெயர் போடாத கடிதம்

2004-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் ஒரு பெண், பெயர் போடாமல் ஒரு கடிதத்தை இணையத்தில் வெளியிட்டார். அவரை மணக்க இருந்தவர், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் வேலை பார்த்தார்.

காலை 9 மணிக்குப் போனால் இரவு 10 மணி வரை வேலை. வாரத்தில் ஏழு நாளும் இப்படி! எப்போதாவது சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு விடுவார்கள். அதுதான் சலுகை! ஓவர்டைம் சம்பளம் கிடையாது.

கடிதம் எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்பது 2006-ல்தான் வெளியே தெரிந்தது.

அந்தக் கம்பெனியின் ஓவியர்கள் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கு ஓவர்டைம் தர வேண்டியதில்லை என்று கலிபோர்னியா சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. அது தங்களுக்குப் பொருந்தாது என்றார்கள் ஓவியர்கள். 2005-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. ஓவியர்களுக்கு 1 கோடியே 56 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு, கட்டளை எழுதும் புரோகிராமர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலர்.

ஏன் இந்த அவசரம்?

விளையாட்டு விற்பனைக்கு வரும் தேதியை முன்கூட்டியே விளம்பரம் செய்துவிடுகிறார்கள். ஆனால் பாதி செய்த பிறகுதான், "ஆடிப் பார்த்தால் சுவை இல்லையே!" என்று தெரியும். பிரித்துப் போட்டு மறுபடி செய்ய வேண்டும். தேதியோ நகராது. தூக்கம்தான் குறையும். இந்தக் கடைசி நேர ஓட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "கிரஞ்ச்".

ஓடினால் மட்டும் சரியாகிவிடுமா? போலந்து நாட்டில் "சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டுக்காக, 2020-ல் வாரம் ஆறு நாள் வேலை வாங்கினார்கள். டிசம்பரில் விளையாட்டு வெளிவந்தது. ஒரே பிழை மயம்! சோனி கம்பெனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது.

சுவரில் முட்டும் வேலை

பிழை கண்டுபிடிக்கிறவருக்கு "டெஸ்டர்" என்று பெயர். இவர் விளையாடுகிறார் என்று சொல்ல முடியாது. ஒரே சுவரில் நூறு தடவை முட்டிப் பார்ப்பார். ஒரே கதவை நூறு தடவை திறந்து மூடுவார். எந்தத் தடவை வீரன் சுவருக்குள் புகுந்துவிடுகிறான் என்று குறிப்பு எழுதுவார். பெரும்பாலும் தற்காலிக வேலை. சம்பளமும் குறைவு.

விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரேவன் சாஃப்ட்வேர் கம்பெனியில், 2021 டிசம்பரில் 12 டெஸ்டர்களுக்கு வேலை போயிற்று. வேலைக்காக வெளியூரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. உடனே சுமார் 60 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் சங்கம் வைப்பது பற்றி டெஸ்டர்கள் ஓட்டுப் போட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 19 பேர். வேண்டாம் என்றவர்கள் 3 பேர்.

2023-ல் அதன் தாய்க் கம்பெனியை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. விலை சுமார் 6,900 கோடி டாலர். மூன்றே மாதத்தில், தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

ரேவன் டெஸ்டர்களின் சங்கம் மட்டும் விடாமல் பேசியது. 2025-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. சம்பள உயர்வு கிடைத்தது. அளவுக்கு மீறிய ஓவர்டைமுக்குக் கட்டுப்பாடும் வந்தது. ஓட்டுப் போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், மூன்று ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு விளையாட்டையே செய்து முடித்திருக்கலாம்!