பையில் ஒரு விசில் இருக்கட்டும்

"பிற்பகலில் இடியுடன் கூடிய மழை." வானொலியில் வானிலை அறிவிப்புப் படிக்கும்போது இந்த வரியை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! நம் ஊரில் காலையில் வெயில் கொளுத்தினாலும் மாலையில் மழை கொட்டும். மலையேறப் போகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

பள்ளி விடுமுறை வந்தால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் நண்பர்கள் பலர் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்புகிறார்கள். பையில் நாசி லெமாக் இருக்கும், முறுக்கு இருக்கும், செல்ஃபி ஸ்டிக்கும் இருக்கும். டார்ச்லைட் இருக்காது. கேட்டால், "அதான் கைப்பேசியில் இருக்கே!" என்பார்கள். அந்த விளக்கை எரியவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும். பிறகு உதவிக்கு எதில் அழைப்பது?

உலு லங்காட்டிலுள்ள நுவாங் மலை 1,493 மீட்டர் உயரம். ஏறி இறங்க ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வெளியே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கலாம். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

ஆகவே ஆளுக்கொரு டார்ச்லைட், மழைக்கோட்டு, விசில். வழி தவறியவர் கத்தினால் தொண்டைதான் வற்றும். விசில் சத்தம் தூரம் போகும். விட்டுவிட்டு மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, விசிலை அவர்கள் பை வாரிலேயே கட்டிவிடுங்கள்.

இன்னொன்றுக்குப் பையில் இடமே வேண்டாம். எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால், அவர் 999-ஐ அழைக்கட்டும்.