'வென்றோம்' என்ற சொல்லுக்குள் இருப்பவர் யார்?

அமெரிக்கக் கூடைப்பந்து, பேஸ்பால் ரசிகர்கள் அன்றாடச் செய்திகளைப் பற்றித் தம்முள் பேசிக்கொள்வதைக் கவனிக்கும் மொழியியல் மாணவர் எவருக்கும் முதலில் புலப்படுவது தன்மைப் பன்மை. "நேற்று வென்றோம்", "நமக்குப் பந்து வீச நல்ல ஆள் இல்லை", "அவரை நாம் விட்டிருக்கக் கூடாது" என்றே அவர்கள் பேசுகிறார்கள். பேசுபவர் அந்த அணிக்காக ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டவர் அல்லர். அணியில் அவருக்குப் பங்கும் இல்லை, ஊதியமும் இல்லை. ஆயினும் அச்சொல் வாயில் வரும்போது அவருக்கும் கேட்பவருக்கும் எவ்வித உறுத்தலும் ஏற்படுவதில்லை.

இதைக் கேலி செய்வது எளிது. கேலிக்குத் துணையாக ஆய்வுச் சான்றும் உண்டு. சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் பணியாற்றியோரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அனைவரும் அறிந்தது. அமெரிக்கக் கால்பந்தில் தம் பல்கலைக்கழக அணி வென்ற வாரங்களில் மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயரும் சின்னமும் பொறித்த ஆடைகளைக் கூடுதலாக அணிந்து வந்தனர். ஆட்டத்தின் முடிவை விவரிக்கச் சொன்னபோது, வெற்றியைப் பற்றிப் பேசுகையில் 'நாம்' என்ற சொல் தோல்வியைக் காட்டிலும் மிகுதியாக வந்தது. பிறர் ஈட்டிய புகழின் ஒளியில் குளிர்காயும் போக்கு என்று ஆய்வாளர்கள் இதை விளக்கினர். அன்றுமுதல் ரசிகரின் 'நாம்' ஓர் உளவியல் பலவீனமாக, இரவல் பெருமையாகவே பெரும்பாலும் பாடம் நடத்தப்படுகிறது.

அந்த விளக்கம் தவறன்று. ஆனால் அது முழுமையும் அன்று. வெற்றியில் ஒட்டிக்கொள்ளும் 'நாம்' ஒன்று உண்டென்றால், தோல்வியிலும் இழப்பிலும் விலகாத 'நாம்' இன்னொன்றும் உண்டு. இரண்டாவதை இரவல் பெருமை என்று விளக்க இயலாது; அதில் பெருமைப்பட ஏதுமில்லை. அது ஓர் உரிமைக் கோரிக்கை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடம் பெறாத அக்கோரிக்கையை மொழி மட்டுமே தாங்கி நிற்கிறது.

இதைத் தெளிவாகக் காணத் தமிழ் ஒரு நல்ல கருவி. கேட்பவரை உள்ளடக்கிய 'நாம்', கேட்பவரை விலக்கிய 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. இந்தியிலும் வங்காளத்திலும் இல்லை. தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் உண்டு. மராத்தியிலும் குஜராத்தியிலும்கூட உண்டு. நன்னூல் இதை வினையின் விகுதியிலேயே காட்டுகிறது: அம், ஆம் என்பவை முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரையும் தன்மையோடு சேர்ப்பவை. இன்றைய தமிழில் ஓகார விகுதி ஒன்றே இரண்டு வேலையையும் செய்கிறது. எனவே எழுவாயின்றி 'வென்றோம்' என்று மட்டும் சொன்னால், தமிழரும் ஆங்கிலேயரைப் போலவே கேட்பவர் உள்ளா வெளியா என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். எழுவாயைச் சேர்த்தால்தான் குட்டு வெளிப்படும். விளையாட்டு நிறுவனங்களின் 'நாம்' எழுவாய் மறைந்த இந்த 'வென்றோம்' போன்றது. யாரைச் சேர்த்தது, யாரை விலக்கியது என்பது வெற்றி நாளில் தெரிவதில்லை. முடிவெடுக்கும் நாளில்தான் தெரிகிறது.

ஓக்லண்டு நகரம் அதற்குத் தெளிவான சான்று. 1901இல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1955இல் கேன்சஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லண்டுக்கும் வந்த அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி, அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விளையாடியது. பிற்காலத்தில் உரிமையாளர் நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வெளியேற்றினார், அணி தோற்றது, அரங்கு வெறிச்சோடியது. பின்னர் அந்த வெறுமையே, இந்நகரத்துக்கு அணி தேவையில்லை என்பதற்கான சான்றாக முன்வைக்கப்பட்டது. ரசிகர்கள் இதற்கு அளித்த மறுமொழி வியப்புக்குரியது. 2023 ஜூன் 13 அன்று அவர்கள் புறக்கணிப்பைத் தலைகீழாக்கினர்: வராமல் இருப்பதற்குப் பதிலாகத் திரண்டு வந்தனர். 27,759 பேர் கூடிய அந்த ஆட்டத்தில், அணியை விற்றுவிடு என்று உரிமையாளரை நோக்கிக் கூவினர். அணி அன்று டாம்பா பே அணியை 2-1 என வென்றது. அதே வாரத்தில், லாஸ் வேகாஸில் புதிய அரங்கு அமைக்க 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் வழங்கும் சட்டம் நெவாடா மாநிலத்தில் நிறைவேறியது. நவம்பரில் முப்பது அணிகளின் உரிமையாளர்களும் ஒருமனதாக இடமாற்றத்துக்கு வாக்களித்தனர். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் கடைசி ஆட்டம் நடந்தது. வந்திருந்தோர் 46,889 பேர்.

முப்பது வாக்குகளில் ஒன்றுகூட அந்த நாற்பத்தாறாயிரம் பேருடையது அன்று. நுழைவுச்சீட்டு விற்கையில், சட்டை விற்கையில், அரங்குக்கு வரிப்பணம் கேட்கையில் அணி பேசியது 'நாம்' என்னும் மொழி. இடமாற்றத்தைத் தீர்மானித்த அறையில் வழங்கியது 'நாங்கள்' என்னும் மொழி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல் என்பதால் எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்பதைச் சுட்டிக்காட்ட ரசிகருக்கு இலக்கணம்கூடத் துணை நிற்கவில்லை. லாஸ் வேகாஸ் அரங்கு எழும்வரை மேற்குச் சாக்ரமென்டோவில் விளையாடும் இவ்வணி, தன் பெயருக்கு முன் எந்த ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. 'அத்லெட்டிக்ஸ்' என்று மட்டுமே வழங்குகிறது. ஊரைத் துறந்த அணிக்கு ஊர்ப்பெயரும் இல்லாமற் போனது, சொல்லும் பொருளும் அரிதாகப் பொருந்திய ஓர் இடம்.

அணி தனியார் சொத்து, உரிமையாளர் தம் சொத்தை எங்கு வேண்டுமானாலும் கொண்டு செல்லலாம் என்பது வலுவான எதிர்வாதம். மற்ற வணிகங்களுக்கு அது பொருந்தக்கூடும். கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனால் எதிரே இன்னொருவர் கடை திறக்கலாம். பெரும் பேஸ்பால் லீக்கில் அது இயலாது. எத்தனை அணிகள், எந்த ஊரில் என்பதை உரிமையாளர்களே கூடி முடிவு செய்கிறார்கள். 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல என்று கூறி, ஏகபோகத் தடைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே அவ்விளையாட்டை நிறுத்தியது. வணிகம் அன்று என்று சலுகை பெற்ற ஒன்று, இடம்பெயரும் வேளையில் மட்டும் வெறும் வணிகம் என்று வாதிடுவது பொருந்தாது. கடனும் பொதுமக்களுடையது. ரெய்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியை 1995இல் திரும்ப வரவழைப்பதற்காக, அதே ஓக்லண்டு அரங்கை விரிவாக்க நகரமும் கவுண்டியும் கடன் வாங்கின. அவ்வணி 2020இல் லாஸ் வேகாஸுக்குப் போன பின்னரும் கடன் தவணை போகவில்லை. செலவில் 'நாம்', முடிவில் 'நாங்கள்' என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

எனினும் ரசிகரின் 'நாம்' எப்போதும் குற்றமற்றது என்று கொள்வதும் பிழையாகும். அவருடைய அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி வீரர்களை வாங்குவதும் விற்பதும் பற்றியது. "அவருடைய ஒப்பந்தம் நமக்குச் சுமை", "இளம் வீரர் இருவரைக் கொடுத்தால் அவரை எடுக்கலாம்", "விலை இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும்" போன்ற தொடர்கள் அனைத்திலும் ரசிகர் பேசுவது உரிமையாளரின் குரலில். ஊதிய உச்சவரம்பைக் கணக்கிட்டு, மனிதரைச் சரக்காக எடைபோடும் மேலாண்மைத் தமிழும் ஆங்கிலமும் ரசிகர் நாவில் சரளமாகப் புரள்கின்றன. இந்த 'நாம்' வீரரை உள்ளடக்கியது அன்று. வீரரை மேசைமேல் வைத்துப் பேரம் பேசுவது.

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடி, 1964இலும் 1967இலும் அதன் பட்டங்களில் பங்கேற்ற கர்ட் பிளட் 1969இல் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது, தாம் வாங்கி விற்கத்தக்க உடைமை அல்லர் என்று பேஸ்பால் ஆணையருக்கு எழுதினார், நீதிமன்றம் சென்றார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு மட்டும் தரப்பட்ட விலக்கு பொருத்தமற்றது என்பதை ஒப்புக்கொண்டும், அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது. 1975இல் நடுவர் தீர்ப்பு ஒன்று வீரர்களுக்கு வழி திறந்தது. பிளட் ஆடிய காலம் அதற்குள் முடிந்துவிட்டது. உரிமையாளரின் குரலை இரவல் வாங்கிப் பேசும் ரசிகர், பிளட் யாரை எதிர்த்தாரோ அவர் பக்கத்து நாற்காலியில் தம்மை அமர்த்திக்கொள்கிறார். ஆனால் அந்த நாற்காலி அவருக்குத் தரப்பட்டதே இல்லை.

அது தரப்படவில்லை என்பதை டல்லாஸ் நகரக் கூடைப்பந்து ரசிகர்கள் 2025 பிப்ரவரியில் ஓர் இரவில் அறிந்தனர். முந்தைய ஆண்டு மாவரிக்ஸ் அணியை இறுதிச்சுற்றுக்கு அழைத்துச் சென்ற லூக்கா டான்சிச், இருபத்தைந்து வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். செய்தியை முதலில் வெளியிட்ட நிருபரின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள் என்றே பலர் நம்பினர். பின்னர் அரங்கின் வெளியே சவப்பெட்டி ஒன்றை வைத்துத் துக்கம் அனுசரித்தனர். பொது மேலாளரை நீக்கக் கோரும் முழக்கம் ஆட்டம்தோறும் எழுந்தது. ஏப்ரலில் எதிரணி வீரராக டல்லாஸ் வந்த டான்சிச் 45 புள்ளிகள் எடுத்தபோது, அவருக்காகக் கைதட்டியவர்கள் மாவரிக்ஸ் ரசிகர்கள். நவம்பரில் பொது மேலாளர் நீக்கப்பட்டார், டான்சிச் திரும்பவில்லை. அந்த அரங்கு எழ, விடுதி அறைகள் மீதும் வாடகைக் கார்கள் மீதும் வரி விதிக்க 1998இல் இசைவளித்தவர்கள் டல்லாஸ் வாக்காளர்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்நாள்களில் டல்லாஸ் ரசிகர் 'நாம்' என்று சொன்னபோது, அச்சொல்லுக்குள் அணி நிருவாகம் இல்லை. வெளியேற்றப்பட்ட வீரர் இருந்தார். அதாவது ரசிகரின் 'நாம்' நிலையான உறுப்பினர் பட்டியல் கொண்டதன்று. ஒப்பந்தங்களை எடைபோடுகையில் அது உரிமையாளரோடு சேர்கிறது. இழப்பு நேர்கையில் வீரரோடும் ஊரோடும் சேர்கிறது. எது உண்மையான சேர்க்கை என்பதை இழப்பே கற்பிக்கிறது. சியால்டினி வெற்றியின் மறுநாள் அளந்ததை, இடமாற்றத்தின் மறுநாள் அளந்தால் வேறு சித்திரம் கிடைக்கக்கூடும்.

இக்கோரிக்கைக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கிளீவ்லாந்து நகரின் பிரவுன்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணியை உரிமையாளர் பால்டிமோருக்குக் கொண்டு சென்றபோது, 1996இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அணியின் பெயரும் நிறங்களும் வரலாற்றுப் பதிவுகளும் கிளீவ்லாந்திலேயே தங்கின. பொதுப்பணத்தில் பயன்பெற்ற அணி வெளியேறுமுன் ஆறு மாத முன்னறிவிப்பும் உள்ளூரார் அதை வாங்குவதற்கான வாய்ப்பும் தர வேண்டும் என்று ஒஹாயோ மாநிலம் அதே ஆண்டு சட்டம் இயற்றியது. சியாட்டில் நகரின் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணி 2008இல் ஓக்லஹோமா சிட்டிக்குச் சென்றபோது அப்பழைய பெயரும் நிறங்களும் உடன் செல்லவில்லை. வீரர்கள் போகலாம், ஒப்பந்தங்கள் போகலாம். பெயரும் நினைவும் ஊருடையவை என்று இவ்வுடன்பாடுகள் ஒப்புக்கொள்கின்றன. உரிமையாளரின் சொத்து எங்கே முடிகிறது, ஊரின் சொத்து எங்கே தொடங்குகிறது என்பதற்கு இவை கோடு கிழிக்கின்றன. பொதுப்பணம் பெறும் ஒவ்வோர் அணிக்கும் அந்தக் கோடு முன்கூட்டியே, அரங்கின் அடிக்கல்லோடு சேர்த்து எழுதப்பட வேண்டும் என்பதே நியாயம். இழப்புக்குப் பின் வழக்கு மன்றத்தில் பேரம் பேசிப் பெறுவது பாதி நீதி.

ஓக்லண்டில் இப்போது பாலர்ஸ் என்றொரு சிறிய பேஸ்பால் அணி இருக்கிறது. பயனியர் லீக்கில் 2024இல் ஆடத் தொடங்கியது. தன் பங்குகளை ரசிகர்களுக்கு விற்றது. 2025இல் லீக் பட்டத்தையும் வென்றது. சிறு அணி, சிறு மைதானம். அத்லெட்டிக்ஸ் விட்டுச்சென்ற இடத்தை அது நிரப்பிவிடாது. ஆனால் அங்கே பங்கு வாங்கிய ஒருவர் "வென்றோம்" என்று சொல்லும்போது, அச்சொல்லுக்கு எழுவாயாக 'நாம்' என்று எழுதினால் அதை யாரும் திருத்த முடியாது.