வீட்டுக்குள் ஒரு பந்தயம்: இதய நோயாளர் கலந்துகொள்ளலாமா?

அண்மைக் காலமாக எங்கள் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவில் ஒரு புதிய கேள்வி அடிக்கடி எழுகிறது. சில மாதங்களுக்கு முன் மாரடைப்புக்கு ஆளாகி, ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு நலம் பெற்றுவருபவர், "வீட்டிலிருந்தபடியே இணையவழி சைக்கிள் பந்தயத்தில் சேரலாமா, டாக்டர்?" என்று கேட்கிறார். அருகில் அமர்ந்திருக்கும் மனைவியோ, நாங்கள் "கூடாது" என்று சொல்லிவிட வேண்டும் என எதிர்பார்க்கிறார். இருவருடைய கவலையும் நியாயமானதே. ஆனால் "கூடாது" என்ற ஒற்றைச் சொல் இதற்குச் சரியான விடையாகாது என்பது எங்கள் கருத்து.

இப்பந்தயம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். மிதிவண்டியை ஸ்மார்ட் டிரெய்னர் என்னும் கருவியில் பொருத்தி, அதைக் கணினியுடன் இணைக்கிறார்கள். திரையில் தெரியும் சாலை மேட்டில் ஏறினால் மிதிப்பது கடினமாகிறது; பள்ளத்தில் இறங்கினால் எளிதாகிறது. 2014-இல் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் தளத்தில் வாட்டோப்பியா என்ற கற்பனைத் தீவே இருக்கிறது. உலகின் பல நாடுகளில் அவரவர் வீட்டில் மிதிப்பவர்கள் அத்தீவின் சாலைகளில் ஒருவரையொருவர் முந்துகிறார்கள். மாதந்தோறும் பந்தயத் தொடர்களும் நடைபெறுகின்றன. இது வெறும் விளையாட்டுப் பொம்மையன்று. 2020 டிசம்பரில் பன்னாட்டு மிதிவண்டிக் கூட்டமைப்பு இத்துறைக்கென முதல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. ஆடவர் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன், ஜெர்மனியின் துடுப்புப் படகுப் போட்டி வீரர். கால்களின் ஆற்றலும் இதயத்தின் வலிமையும் இங்கே உண்மையாகவே சோதிக்கப்படுகின்றன என்பதற்கு இதுவே சான்று.

இதில் நன்மைகள் பல. போக்குவரத்து நெரிசல் இல்லை; மழை இல்லை; குண்டும் குழியும் இல்லை. உடல் எடையை இருக்கை தாங்குவதால் மூட்டுகளுக்குச் சுமை குறைவு. உடல்நலக் குறைவு ஏற்பட்டால் குடும்பத்தினர் அருகிலேயே இருப்பர். இவை அனைத்தினும் மேலாக, மாதம் ஒரு தொடர் என்ற நாட்காட்டி ஒன்று கிடைக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மாதத்தில் ஊக்கத்துடன் உடற்பயிற்சி செய்யும் பலர், மூன்றாம் மாதத்தில் அதைக் கைவிடுவதை நாங்கள் காண்கிறோம். அடுத்த மாதமும் ஒரு பந்தயம் காத்திருக்கிறது என்ற எண்ணம் அவர்களை மீண்டும் மிதிவண்டியில் ஏற்றும்.

எனினும், ஆபத்து மிதிவண்டியில் இல்லை, பந்தயத்தில் இருக்கிறது. தொடக்க நொடியிலேயே அனைவரும் முழுவேகத்தில் பாய்வர். உடல் சூடேறாத நிலையில் வரும் அந்தத் திடீர்ச் சுமை, அடைப்புள்ள இரத்தக் குழாய்களுக்கு ஏற்றதன்று. உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை வாட் என்று ஒவ்வொருவருடைய ஆற்றலும் திரையில் ஒளிரும். அதைப் பார்த்துக்கொண்டே மிதிப்பவர் தம் நெஞ்சு சொல்வதைக் கேட்க மறந்துவிடுகிறார். பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவருக்கு நாடித்துடிப்பு இயல்பாக உயராது. எனவே 220-இலிருந்து வயதைக் கழித்துப் போடும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. மூடிய அறையில் காற்றோட்டம் குறைவு. வியர்வை ஆறாமல் உடல் வெப்பம் ஏறும். எல்லைக்கோட்டைக் கடந்ததும் சட்டென்று நிறுத்தினால், கால்களில் இரத்தம் தேங்கி, இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம்.

ஒன்றை மனந்திறந்து ஒப்புக்கொள்கிறோம். முன்பு இத்தகைய கேள்விகளுக்கு "இப்போது வேண்டாம்" என்று கூறி அனுப்பியிருக்கிறோம். அதைக் கேட்டுச் சென்றவர்களுள் சிலர் பந்தயத்தை மட்டும் விடவில்லை. நடைப்பயிற்சியையும் விட்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டனர். இதயத்திற்கு அதுவும் கேடே. வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவைப் படிப்படியாக எட்டுவதற்கு இம்மிதிவண்டி ஒரு நல்ல வழி.

ஆகவே, விரும்புவோர் இவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறோம். முதலில் டிரெட்மில் பரிசோதனை செய்து, உங்கள் மருத்துவரிடம் உழைப்பின் அளவைக் கேட்டறியுங்கள். தொடக்கத்தில் பந்தயத்தைத் தவிர்த்து, குழுவாக மெல்லச் செல்லும் பயணங்களில் சேருங்கள். பத்து நிமிடம் மெதுவாக மிதித்து உடலைச் சூடேற்றுங்கள். முடிவிலும் பத்து நிமிடம் மெதுவாக மிதித்து ஓயுங்கள். மின்விசிறியும் குடிநீரும் அருகில் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறருடைய வாட் கணக்கைத் திரையில் மறைத்துவிடுங்கள். சென்ற மாதம் நீங்கள் ஓட்டியதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

குடும்பத்தினருக்கும் ஒரு பணி உண்டு. "இன்னும் வேகமாக" என்று ஊக்குவிக்கவும் வேண்டாம். "போதும், இறங்குங்கள்" என்று நொடிக்கொருமுறை அஞ்சவும் வேண்டாம். இடையிடையே பேச்சுக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் உழைப்பு அளவோடு இருக்கிறது. சொற்கள் துண்டுதுண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ வலி, தலைச்சுற்றல், படபடப்பு, கடும் மூச்சிரைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தச் செய்யுங்கள். அறிகுறி தணியாவிட்டால் காலம் தாழ்த்தாமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை எங்களைக் காண வரும்போது, அம்மாதம் ஓட்டிய நாட்களையும் நிமிடங்களையும் குறித்த தாளைக் கொண்டுவாருங்கள். எத்தனையாவது இடத்தில் முடித்தீர்கள் என்று நாங்கள் கேட்கமாட்டோம். எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று கட்டாயம் கேட்போம்.