டி.வி.க்குப் பின்னால் ஒரு விளக்கு



சென்ற மாதம் சம்பளம் போட்ட மறுநாள் காலையில், பள்ளிக்கூட வாசலில் ஒரு தாயார் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு சிறிய பெட்டி.

"சார், இதை டி.வி.க்குப் பின்னாடி ஒட்டினா பிள்ளைங்களுக்குக் கண்ணு கெடாதுன்னு சந்தையில சொன்னாங்க. நாப்பது வெள்ளி கொடுத்து வாங்கிட்டேன். நம்ம பையன் எந்நேரமும் டி.வி.க்குக் கிட்டப் போய்த்தான் உக்கார்றான். திட்டியும் கேக்கல, அடிச்சும் கேக்கல. இதை மாட்டலாமா, வேணாமா?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாடா போல ஒரு பட்டை. அதில் அரிசி அரிசியாகச் சின்ன எல்.இ.டி. விளக்குகள். "மாட்டலாம் அம்மா. ஆனால் விற்றவர் சொன்ன காரணத்துக்காக வேண்டாம்" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அன்று சொல்ல நினைத்ததை இப்போது உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் டி.வி. பார்ப்பதற்கு இரண்டே முறைகள்தாம் உண்டு. ஒன்று, கூரையில் உள்ள குழல் விளக்கைப் போட்டுக்கொண்டு பார்ப்பது. அந்த விளக்கு அப்படியே திரையில் தெரியும். கதாநாயகி அழும்போது அவர் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். மற்றொன்று, நல்ல படம் என்றால், "லைட்டை அடை!" என்று அப்பா ஒரு சத்தம் போடுவார். வீடு கும்மிருட்டாகிவிடும்.

இந்த இருட்டுப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் நாட்டில் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல். வண்ணப் படம் வந்தது 1978-இல். அதற்கெல்லாம் முன்பே தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். துணிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இயந்திரம் வீசும் ஒளியைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே, பக்கத்தில் ஒரு தீக்குச்சி கிழித்தாலும் படம் மங்கும். அங்கே இருட்டு தேவை. டி.வி. அப்படியல்ல, அது தானே ஒளி விடும் பெட்டி. திடலுக்கு வேண்டிய இருட்டை நாம் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம்.

அதனால் என்ன தொல்லை என்கிறீர்களா? இரவில் தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வருகிறீர்கள். எதிரே பழக்குலை ஏற்றிய லாரி வருகிறது. அதன் விளக்கு உங்கள் கண்ணைப் பறிக்கிறது. அதே லாரி நடுப்பகலில் அதே விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் கண் கூசுவதில்லை. விளக்கு மாறவில்லை, சுற்றியுள்ள இருட்டுத்தான் வேறு.

இருட்டறையில் டி.வி. பார்ப்பதும் இதே கதைதான். இருட்டுக்காகக் கண் பாவை அகலமாக விரியும். திடீரென்று திரையில் வெள்ளை வெளேர் என்று ஒரு காட்சி வரும், பாவை சுருங்கும். மறுபடி இருண்ட காட்சி, மறுபடி விரியும். இரண்டு மணி நேரம் இப்படியே போனால் கண் அயர்ந்து போகும். நெற்றி வலிக்கும், கண்ணில் நீர் வடியும். போதாக்குறைக்கு, திரையையே உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதும் குறைந்துவிடும். கண் காய்ந்து எரியும்.

பின்னால் ஒரு மெல்லிய விளக்கு இருந்தால், திரையைச் சுற்றியுள்ள சுவரில் ஒளி பரவி நிற்கும். கண்ணுக்கு முழு இருட்டும் இல்லை. திரையில் விழும் பிரதிபலிப்பும் இல்லை. இதுதான் அதன் முதல் பயன்.

இரண்டாவது பயனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாம்பல் நிறத் தாளிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்பு மணிலா அட்டையின் நடுவில் வையுங்கள். மற்றதை வெள்ளை அட்டையில் வையுங்கள். ஒரே தாள்தான். ஆனால் வெள்ளை அட்டையில் இருப்பது கறுத்துத் தெரியும். கறுப்பு அட்டையில் இருப்பது வெளுத்துத் தெரியும். டி.வி.யில் இரவுக் காட்சி வரும்போது கறுப்பு, கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் அதே கறுப்பு நன்றாகக் கறுத்துத் தெரியும். பெட்டி மாறவில்லை, நம் பார்வைதான் மாறுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1950-களிலேயே அமெரிக்காவில் சில்வேனியா நிறுவனம், திரையைச் சுற்றி ஒளிரும் சட்டம் வைத்த டி.வி.யை 'ஹாலோலைட்' என்ற பெயரில் விற்றது. படத்தின் நிறத்தைச் சரிபார்க்கும் தொழில்காரர்கள் இன்றும் திரைக்குப் பின்னால் இப்படி ஒரு விளக்கை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

நிற்க. மாட்டுவது என்று முடிவு செய்தால், கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, நிறம். வெள்ளை விளக்காகப் பாருங்கள். பெட்டியின்மேல் 6500 என்ற எண் இருந்தால் நல்லது. அது பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை. டி.வி. படங்களின் வெள்ளையும் அதை வைத்துத்தான் அமைக்கப்படுகிறது. சந்தையில் அதிகம் விற்பது நிறம் மாறும் பட்டைதான். பிள்ளைகள் அதற்குத்தான் அடம் பிடிப்பார்கள். தீபாவளிக்குப் போட்டு மகிழட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் சுற்றிலும் சிவப்பு எரிந்தால் திரையில் உள்ள முகம் பச்சை பாய்ந்தாற்போல் தோன்றும். கண் அப்படித்தான் ஏமாறும். "சாமி மேடையில் எரியும் சிவப்பு பல்ப் போதாதா, சார்?" என்று கேட்காதீர்கள். அது சாமிக்கே இருக்கட்டும்.

இரண்டாவது, அளவு. திரையின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். அளக்கக் கருவி வேண்டாம். படம் ஓடும்போது உங்கள் கண் சுவருக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் வெளிச்சம் அதிகம், குறையுங்கள். விளக்கு நேராகக் கண்ணில் படவே கூடாது; சுவரில் விழுந்த ஒளி மட்டும் தெரிய வேண்டும். ஆகவே, பட்டையை ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். சூடு வெளியேறும் துளைகளை மூடிவிடாதீர்கள்.

மூன்றாவது, சுவர். நம் வீடுகளில் பச்சை, நீலம், ரோஜா என்று மனத்துக்குப் பிடித்த சாயம் அடித்திருப்போம். வெள்ளை விளக்கும் அந்தச் சுவரில் பட்டு அந்த நிறமாகத்தான் திரும்பி வரும். முடிந்தால் டி.வி.க்குப் பின்னால் உள்ள பகுதிக்கு மட்டும் வெள்ளை அடித்துவிடுங்கள்.

நான்காவது, மின்சாரம். இந்தப் பட்டைகளில் பல, டி.வி.யின் பின்னால் உள்ள யு.எஸ்.பி. துளையில் செருகுபவை. அது 5 வோல்ட், ஆபத்தில்லை. ஆனால் பெரும்பாலும் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் அது தாங்கும். நீளமான பட்டை அதற்கு மேல் இழுத்தால் தனி அடாப்டர் வேண்டும். சிரிம் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். வயரை வெட்டி, பிளாஸ்டர் சுற்றி, சுவரில் உள்ள 230 வோல்ட் மின்சாரத்தோடு நீங்களே இணைக்க வேண்டாம். கண்ணைக் காக்கப் போய் வீட்டைக் கொளுத்திக்கொண்ட கதையாகிவிடும். மின் கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 3 வாட் விளக்கு தினமும் 5 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது.

நாற்பது வெள்ளி செலவழிக்க மனமில்லையா? பிள்ளை படிக்கும் மேசை விளக்கில் ஒரு சிறிய வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போட்டு, டி.வி.க்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அதே பலன் கிடைக்கும்.

இனி, அந்த விளக்கால் ஆகாத காரியங்களைச் சொல்ல வேண்டும்.

1997 டிசம்பர் 16-ஆம் நாள் மாலை, ஜப்பானில் 'போக்கிமோன்' கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மிக வேகமாக மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த பிள்ளைகள் 600 பேருக்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சிலருக்கு வலிப்பே வந்துவிட்டது. அதன் பிறகு அந்நாட்டுக் கார்ட்டூன்கள் பலவற்றின் தொடக்கத்தில், 'அறையை வெளிச்சமாக்கி, திரையை விட்டுத் தள்ளியிருந்து பாருங்கள்' என்ற அறிவிப்பு வரத் தொடங்கியது. கவனியுங்கள்: வெளிச்சம் ஒன்று, தூரம் ஒன்று. இரண்டும் வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பட்டை விளக்கை நம்பி இருந்துவிடாமல் மருத்துவரின் யோசனையைக் கேளுங்கள்.

அடுத்தது, அந்தத் தாயார் கேட்ட கேள்வி. இருட்டில் டி.வி. பார்த்தால் கண் அயரும். ஆனால் அதனாலேயே பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே, பின்னால் விளக்கு வைத்தால் கண் கெடாது என்பதும் வியாபாரப் பேச்சுத்தான்.

அன்று வகுப்பில் அவர் பையனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, கரும்பலகையில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் ஆண்டு மாணவன், வாசிப்பில் கெட்டிக்காரன். கண்ணைச் சுருக்கினான், தலையைச் சாய்த்தான், பிறகு பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை மாதமும் நான் அவனை முன் வரிசையிலேயே உட்கார வைத்திருந்ததால் அது என் கண்ணிலும் படவில்லை. அவன் டி.வி.க்குக் கிட்டப் போனதால் கண் கெடவில்லை. கண் தெரியாததால்தான் கிட்டப் போனான். அதற்காகத்தான் வீட்டில் அடி வாங்கியிருக்கிறான்.

தாயாரிடம் சொன்னேன். கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அவன் மூக்குக் கண்ணாடியோடு வருகிறான். டி.வி.யைப் பாயில் உட்கார்ந்து, எட்ட இருந்தே பார்க்கிறானாம். விளக்கும் பின்னால் எரிகிறதாம். "சார், பாட்டிக்குத்தான் அது ரொம்பப் பிடிச்சிருக்கு. இப்ப தலை வலிக்கலையாம்" என்றார் அந்த அம்மா.

பெற்றோர்களே, பிள்ளை டி.வி.யை நெருங்கி நெருங்கி உட்கார்ந்தால் கையை ஓங்குமுன் கண்ணைச் சோதிக்கக் கொண்டுபோங்கள். பகலில் நாளுக்கு இரண்டு மணி நேரமாவது அவர்களை வெளியே விளையாட விடுங்கள். வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. திடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இரவில் டி.வி. பார்க்கும்போது பின்னால் அந்தச் சின்ன விளக்கும் எரியட்டும். விடியற்காலைப் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் இருக்கும் வீட்டில், நேரத்தோடு இரண்டையும் சேர்த்து அடைத்துவிடுங்கள்.