இல்லாத சிரிப்பு
கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் எடுத்த கைதிகளின் படங்களுக்கு வண்ணம் பூசிய விவகாரம் 2021-இலேயே ஓய்ந்துவிட்டது. அவற்றை வெளியிட்ட வைஸ் இதழ் கட்டுரையை நீக்கியது, கம்போடிய அரசு கண்டித்தது, எல்லாம் தெரிந்த கதை. கெமர் ரூஜ் ஆட்சியினர் கொல்வதற்கு முன் எடுத்துவைத்த முகங்களில் சிரிப்பைச் செருகியவரை ஊரே திட்டியது, நியாயம்தான். எனக்கு உறுத்துவது வேறு: சிரிப்பைத் தொடாமல் சட்டைக்கு மட்டும் நீலம் கொடுத்திருந்தால் கைதட்டியிருப்போமே! கறுப்பு வெள்ளைப் படத்தில் பதிவாவது வெளிச்சத்தின் அளவு மட்டும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். இன்னும் பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகளுக்கோ சிவப்பே தெரியாது, அவற்றில் சிவப்புத் துணி கறுப்பாகத்தான் நிற்கும். இன்று நிறம் பூசும் கணினிக்கு இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு? தான் பார்த்துப் பழகிய படங்களை வைத்து உத்தேசமாக ஒரு நிறம், சந்தேகம் வந்தால் மங்கிய பழுப்பு. கீறலையும் தூசியையும் எடுப்பதில் எனக்குச் சண்டையில்லை; அவை நெகட்டிவுக்குப் பிறகு நேர்ந்தவை. நிறம் அப்படியல்ல, அது நம் ஆசைக்காகப் போடுவது. போடட்டும்; மூலப் படத்தைப் பக்கத்திலேயே அச்சிட்டு, இது யூகம் என்று படத்தின் மேலேயே எழுதிவிட்டுப் போடட்டும். அந்தச் சிறைப் படங்களை அதற்கும் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.