நாயை அடக்கி ஆள்வதா, பழக்கி எடுப்பதா? படுவான்கரையிலிருந்து ஒரு பார்வை

‘நாய்க்கு நீங்கள்தான் தலைவன் என்பதைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் அது உங்களுக்குத் தலைவனாகிவிடும்.’ அண்மைக்காலமாக மட்டக்களப்பு நகரிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமங்களிலும் நான் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. பெரும்பாலும் கைத்தொலைபேசிக் காணொளிகளிலிருந்து வருகின்றது. உறுமினால் அடி, எதிர்த்தால் மல்லாத்திப் போட்டு அமத்திப் பிடி, நீ சாப்பிட்டு முடியும்வரை அதற்குச் சோறு வைக்காதே என்று அந்த அறிவுரை நீளும். ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர் போன்ற நாய்களைக் காவலுக்கு வாங்கும் வீடுகள் எமது பகுதியிலும் கூடிவிட்டதால் இதற்குக் கேட்பவர்களும் கூடியிருக்கின்றார்கள்.

இது வெறும் செல்லப்பிராணி விவகாரம் அல்ல. எந்த முறையில் நாயைப் பழக்குகின்றோம் என்பதில்தான் வீட்டுப் பிள்ளையின் பாதுகாப்பும் அயலவரின் பாதுகாப்பும் தங்கியிருக்கின்றன. எனவே இந்த ‘தலைவன்’ கோட்பாடு எங்கிருந்து வந்தது, அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நாம் பார்க்க வேண்டும்.

கோட்பாட்டின் வேர் நாயில் இல்லை, ஓநாயில் இருக்கின்றது. சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை அவதானித்து ருடொல்ஃப் ஷெங்கல் 1947இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒன்றோடொன்று உறவில்லாத ஓநாய்கள் ஒடுங்கிய இடத்தில் அடைபட்டு, முதலிடத்துக்காகச் சண்டையிட்டன. வென்றது தலைமை ஓநாய் எனப்பட்டது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெச் 1970இல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுதும் கொண்டு சென்றது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே நாயும் வீட்டில் தலைமைக்குப் போட்டியிடும் என்று பயிற்றுநர்கள் முடிவு கட்டினார்கள். 2004இல் தொடங்கிய சீசர் மிலனின் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வரவேற்பறைகளுக்குள் கொண்டு வந்தது.

ஆனால் அதே மெச் பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் அருகிலிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது தலைமைப் போட்டியை அல்ல. அது தாயும் தகப்பனும் குட்டிகளும் கொண்ட ஒரு குடும்பம். குட்டிகள் பெற்றோரைப் பின்பற்றின, வளர்ந்ததும் பிரிந்து சென்று தமக்கெனக் குடும்பம் அமைத்தன. 1999இல் அவர் இதை எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தைப் பல ஆண்டுகள் கேட்டும் வந்தார். கோட்பாட்டைப் பரப்பியவரே அதைக் கைவிட்ட பிறகும் கோட்பாடு மட்டும் கைவிடப்படவில்லை.

அடைபட்ட ஓநாய்களின் நடத்தையை ஓநாய் இனத்தின் இயல்பு என்று எழுதியதுதான் அடிப்படைத் தவறு. இதை எங்கள் மக்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. முகாமில் தண்ணீர் பவுசருக்கு முன்னால் நடந்த சண்டையை வைத்து எமது சனத்தின் குணம் இதுதான் என்று யாராவது எழுதினால் நாம் ஏற்போமா? அடைத்து வைக்கப்பட்ட உயிர் காட்டும் குணம், அடைப்பின் குணம்.

சரி, கோட்பாடு பிழையென்றாலும் முறை பலன் தருகின்றதே என்று சிலர் கேட்கின்றார்கள். அடித்தால் நாய் அடங்குகின்றது என்பது உண்மைதான். அடங்கிய பிறகு என்ன நடக்கின்றது என்பதே கேள்வி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கொண்டுவந்த 140 உரிமையாளர்களிடம் கேட்டார்கள். நாயை அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 வீதமானோருக்கு நாயிடமிருந்து திரும்பக் கிடைத்தது ஆக்ரோஷம். மல்லாத்தி அமத்திப் பிடித்தவர்களில் அது 31 வீதம். 2020இல் போர்த்துக்கல்லில் 92 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு, தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பதற்றத்தின் அடையாளங்களும் உமிழ்நீரில் பதற்றச் சுரப்பும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர்களின் சங்கம் 2008இல் தலைமைக் கோட்பாட்டுக்கு எதிராக எச்சரித்தது. 2021இல் எல்லாப் பயிற்சிக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது. வேல்ஸ் 2010இலேயே மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டியைத் தடைசெய்துவிட்டது.

இதில் எமது பகுதிக்கு மிக முக்கியமானது உறுமல் பற்றிய விடயம். உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. ‘கிட்ட வராதே, எனக்குப் பயமாக இருக்கின்றது’ என்று அது சொல்லும் ஒரு வழி. உறுமும் ஒவ்வொரு முறையும் அடி விழுந்தால் நாய் உறுமுவதை நிறுத்தும். பயம் நிற்காது. பிறகு ஒருநாள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் குழந்தை குனியும்போது, உறுமாமலே கடிக்கும். ‘ஒரு சத்தமும் போடாமல் திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்குப் பின்னால் அடித்து அடக்கப்பட்ட உறுமல் இருக்கக்கூடும்.

வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கத்துக் கிராமங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கின்றது. இரவில் யானை வளவுக்குள் வரும்போது முதலில் சொல்வது நாய். குரைத்ததற்காக அடி வாங்கிய நாய் எதற்குக் குரைக்க வேண்டும், எதற்குக் குரைக்கக் கூடாது என்று பிரித்தறியாது. மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனம் வயல் வாடியில் படுத்திருப்பவரின் உயிருக்கு விலை வைக்கும்.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நாய்களுக்கிடையில் முந்திக்கொள்ளும் போட்டியே இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் அது உண்டு. ஆனால் இரண்டு நாய்களுக்கிடையே எலும்புக்காக நடப்பது, மனிதருக்கும் நாய்க்கும் இடையிலான உறவுக்கு விதியாகிவிடாது. வேலைக்குரிய நாயைக் கண்டிப்பில்லாமல் பழக்க முடியாது என்ற வாதமும் உண்டு. அதற்குப் பதில் எமது மண்ணிலேயே நடந்திருக்கின்றது.

போருக்குப் பின்னர் இலங்கையின் கண்ணிவெடி அகற்றலில் மனிதரோடும் இயந்திரங்களோடும் நாய்களும் வேலை செய்தன. மார்ஷல் லெகசி நிறுவனத்தின் ஊடாக அமெரிக்க உதவியுடன் வந்த நாய்களும் அவற்றில் அடங்கும். வெடிமருந்தின் வாசனை பிடிபட்டால் அந்த நாய் குரைக்காது, தோண்டாது. அப்படியே அமர்ந்துவிடும். அதற்குக் கிடைப்பது ஒரு பந்தும் சிறிது நேர விளையாட்டும் எஜமானின் பாராட்டும். ஏன் இந்த முறை? அந்த நாய் சொல்லும் சேதியை நம்பித்தான் மனிதர் கால் வைக்கின்றார். அடிக்குப் பயந்த நாய், வாசனை இல்லாத இடத்திலும் எஜமானைத் திருப்திப்படுத்த அமரலாம். சந்தேகமான இடத்தில் அமராமல் கடந்தும் போகலாம். இரண்டும் ஆபத்து. உண்மையைச் சொல்ல வேண்டிய உயிரைப் பயமுறுத்தி வைத்திருக்க முடியாது. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டது. மனித உயிர் தங்கியிருக்கும் அந்த வேலைக்கே பந்து போதுமென்றால், எமது வாசலைக் காக்கும் நாய்க்குத் தடி எதற்கு?

எமது கட்டாக்காலி நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்கத்தா பகுதியில் தெருநாய்களை வைத்து இந்திய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்பின் தெரியாத மனிதரிடம் நாய்க்கு நம்பிக்கை வளர உணவைவிட அன்பான தடவலே கூடுதலாக உதவியது. எமக்கு இது புதினமல்ல. 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் எறிகணைகளுக்கிடையே வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தபோது நாய்களைக் கூட்டிவர யாருக்கும் வழியிருக்கவில்லை. மீளக்குடியேறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உடைந்த வீட்டின் வளவில் எலும்பும் தோலுமாகக் காத்திருந்த நாயின் கதை பல வீடுகளில் இருக்கின்றது. தலைவன் யாரென்று காட்டப்பட்டதால் அந்த நாய்கள் காத்திருக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரிய செலவில்லை. நாய் நல்லதைச் செய்யும் கணத்திலேயே ஒரு துண்டுக் கருவாடோ மீன் தலையோ கொடுங்கள். பாய்ந்து ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், நான்கு காலும் நிலத்தில் நிற்கும்போது தடவுங்கள். நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைக்காதீர்கள். உறுமினால் அடிக்காமல், எதற்கு உறுமுகின்றது என்று பார்த்து அதை விலக்குங்கள். தின்னும் நாயையும் குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடுங்கள். 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். தடுப்பூசியால்தான் அந்தத் தொகை ஒரு சில பத்துகளாகக் குறைந்தது. கடிபட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அரசின் பங்கும் இருக்கின்றது. மிருகவதையைத் தடுக்க எமக்கிருக்கும் அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அது விதித்த தண்டப்பணம் 100 ரூபாய். இன்று அந்தப் பணத்துக்கு ஒரு றாத்தல் பாண் வாங்குவதே கடினம். 2006இல் வரையப்பட்ட விலங்கு நலச் சட்டமூலம் அரசுகள் மாறியும் ஆண்டுக்கணக்காக இழுபட்டது. உள்ளூராட்சி சபைகளும் மிருக வைத்திய அலுவலகங்களும் தடுப்பூசி முகாமுக்கு வரும் மக்களுக்கு நாயைப் பழக்கும் முறை பற்றி அரை மணிநேரம் பேசினாலே பெரிய மாற்றம் வரும்.

அடக்கப்பட்டவன் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அடக்கியவன் நினைத்துக்கொள்கின்றான். அந்த நினைப்பு எவ்வளவு பிழையானது என்பதை இந்த வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். நாம் பட்டறிந்த அதே பிழையை, எம்மை நம்பி வளவில் படுத்திருக்கும் உயிரிடம் நாமே செய்ய வேண்டியதில்லை.