பந்தி முடியுமுன் பாத்திரம் எடுக்கலாமா?

லினக்ஸ் என்னும் இயக்குதளத்தின் வலையமைப்புப் பகுதியைக் காத்துவரும் பராமரிப்பாளர்கள், தங்களுக்குத் திருத்தங்கள் அனுப்ப விரும்புவோருக்கென்று எழுதிவைத்திருக்கும் வழிகாட்டிக் குறிப்பிலே, முதல் தடவை படிப்பவரைச் சற்றுத் திடுக்கிட வைக்கும் விதி ஒன்று இருக்கிறது. வேறு எந்த வேலையோடும் சம்பந்தப்படாமல், வெறும் துப்புரவை மட்டுமே நோக்கமாகக் கொண்ட எளிய திருத்தங்களை அனுப்பவேண்டாம் என்பதே அது. அத்தகைய வேண்டாத துப்புரவுக்கு அவர்கள் காட்டும் உதாரணங்களுள் ஒன்று, பழைய டிரைவர்களை, வாங்கிய பொருளைத் தானாகவே திருப்பிக் கொடுத்துவிடும் புதிய முறைக்கு மாற்றுவது. பெருக்கித் துடைக்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, 'போய் வா அப்பா' என்று அனுப்பிவிடும் வீட்டுக்காரரைப் பற்றி நாம் என்ன நினைப்போமோ அதையேதான் பல இளைஞர்கள் இந்தப் பராமரிப்பாளர்களைப் பற்றியும் நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பது தவறு என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை விளக்குவதற்குக் கொஞ்சம் உள்ளே போய் வரவேண்டியிருக்கிறது.

டிரைவர் என்பது கணினிக்குள் செருகப்பட்ட ஓர் உபகரணத்துக்கும், லினக்ஸின் கருப்பகுதியாகிய கெர்னலுக்கும் நடுவே நின்று துபாஷி வேலை பார்க்கும் நிரல். வலையமைப்பு அட்டை ஒன்றின் டிரைவர் தன் உத்தியோகத்தைத் தொடங்குவதற்கு முன், கெர்னலிடமிருந்து பல பொருள்களை இரவல் வாங்குகிறது: தன் கணக்குவழக்குகளை வைத்துக்கொள்ள நினைவகத்தில் ஓர் இடம், அட்டையின் கட்டளைப் பெட்டிகளாகிய ரெஜிஸ்டர்களை எட்டுவதற்கு ஒரு முகவரி வழி, வெளியிலிருந்து செய்தி வந்ததும் அட்டை மணியடித்து அழைப்பதற்கு ஓர் இன்டரப்ட், இவை போதாவென்று கடிகாரத் துடிப்பு, மின்சாரம், கேபிளோடு நேரடியாகப் பேசும் சில்லுக்கு ஒரு தனிப் பாதை. இவை யாவும் இரவல் சாமான்கள். டிரைவர் விலகும்போது, வாங்கிய கிரமத்துக்கு நேர் எதிர்க் கிரமத்தில், ஒன்று விடாமல் திருப்பித் தந்தாகவேண்டும். லினக்ஸ் எழுதப்பட்டிருக்கும் சி மொழியோ, சிந்திய சோற்றைப் பொறுக்க ஆள் வைக்கும் மொழியன்று. எடுத்தவன் வைக்காவிட்டால் அந்தப் பொருள் மறுபடி இயந்திரத்தை அணைத்து எழுப்பும் வரையில் வீணே கிடக்கும்.

இதிலே கஷ்டமான பகுதி விலகும்போது வருவதன்று, தொடங்கும்போதே வருவது. பத்துப் பொருள் கேட்கப் போகும் டிரைவருக்கு ஆறு கிடைத்து ஏழாவது கிடைக்காமற் போனால், அந்த ஆறையும் ஆறு, ஐந்து, நான்கு என்று பின்னோக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'என்னால் ஆகவில்லை' என்று சொல்லி வெளியேற வேண்டும். ஐந்தாவதில் தவறினால் நான்கை, மூன்றாவதில் தவறினால் இரண்டை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பின்வாங்கும் வழி எழுதியாக வேண்டியிருப்பதால், 'கோ டு' என்னும் கட்டளையால் கட்டப்பட்ட ஏணி ஒன்று ஒவ்வொரு டிரைவரின் அடியிலும் தொங்கிக்கொண்டிருக்கும். ஏழாவது பொருள் கிடைக்காமற் போவது வருஷத்தில் ஒரு நாளும் நடவாத சம்பவமாகையால், அந்த ஏணியில் யாரும் கால் வைத்துப் பார்ப்பதில்லை. உளுத்துப்போன படி எதுவென்பது விழுந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

இந்த அவஸ்தைக்கு 2007-ஆம் வருஷத்தில் ஒரு பரிகாரம் வந்தது. வட்டுகளைக் கையாளும் டிரைவர்களோடு மல்லாடிக்கொண்டிருந்த டேஜுன் ஹியோ என்பவர், டிரைவர் இரவல் வாங்கும் ஒவ்வொரு பொருளையும் அந்த உபகரணத்தின் பெயரிலேயே ஒரு பட்டியலில் பதிந்துகொள்வது என்றும், டிரைவர் விலகினாலும் சரி, தொடக்கத்திலேயே தவறினாலும் சரி, கெர்னலே அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்து ஒவ்வொன்றையும் விடுவித்துவிடுவது என்றும் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். 2.6.21 என்னும் பதிப்பில் அது சேர்ந்தது. 'டெவ்எம்' என்ற முன்னொட்டோடு வரும் சார்புகள் (ஃபங்ஷன்கள்) எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏணி மறைந்தது, நூறு வரி இருந்த இடத்தில் நாற்பது வரி போதுமென்று ஆயிற்று. மகத்தான சௌகரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் சிறிதும் இல்லை.

ஆனாலும் இந்தச் சௌகரியத்தின் இயல்பைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். கல்யாண வீட்டுக்காரர் அண்டா, குண்டா, தவலை, ஜமுக்காளம், பந்தற்கால் எல்லாவற்றையும் வாடகைக் கடையிலிருந்து எடுத்து வருகிறார். பழைய முறையில், மறுநாள் அவரே நின்று எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாய்த் திருப்பி அனுப்பவேண்டும். ஒரு கரண்டி குறைந்தாலும் அவர் தலையில் விடியும். புதிய முறையில், 'கல்யாணம் முடிந்தது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்காரனின் ஆட்களே பட்டியலோடு வந்து, கடைசியாய் வந்த சாமானை முதலில் எடுத்து, கிரமம் தவறாமல் கொண்டுபோய்விடுவார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது சாமான் பட்டியலே அன்றி, கல்யாண வீட்டின் நடப்பு அன்று. கடைசிப் பந்தியில் நாலு பேர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா, சமையற்காரர் அடுப்பின் மேல் இருக்கும் அண்டாவில் இன்னும் கிளறிக்கொண்டிருக்கிறாரா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதைவிட மோசம், வீட்டுக்காரர் பாதிச் சாமானைத் தாமே அனுப்பிவிட்டு மீதிப் பாதியைக் கடை ஆட்களுக்கு விட்டுவைப்பது. அப்போதுதான் பந்தற்கால் போன பிறகும் கூரையின் மேல் விளக்குக் கட்டுகிறவன் உட்கார்ந்திருக்கும் நிலைமை ஏற்படும்.

வலையமைப்பு டிரைவர்களில் இந்த அபாயம் கற்பனையன்று. முதலில் டிரைவரின் சொந்த விடைபெறும் சார்பு ஓடும். அது முடிந்த பிறகே கெர்னல் பட்டியலைக் கையில் எடுக்கும். இன்டரப்டைப் புதிய முறையில் வாங்கிய டிரைவர் ஒன்று, வலையமைப்பு இடைமுகத்தின் நினைவகத்தை மட்டும் பழைய முறைப்படி விடைபெறும் சார்பிலேயே விடுவித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நினைவகம் போன பிறகும், பட்டியல் வந்து எடுக்கும் வரையில் இன்டரப்ட் உயிரோடிருக்கிறது. அந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறியதுதான். எனினும் ஒரே இன்டரப்டை இரண்டு மூன்று உபகரணங்கள் பங்கிட்டுக்கொள்ளும் இயந்திரங்களில், பக்கத்து உபகரணம் அடித்த மணிக்கு நம் டிரைவரும் எழுந்து வந்து, இல்லாத நினைவகத்தில் எழுதத் துணியும். ஆயிரம் தடவையில் ஒரு தடவை நிகழ்ந்து, பழுது பார்ப்பவன் எதிரே ஒரு தடவையும் நிகழாத அந்த ஜாதிப் பிழையைப் போல மனிதனை மெலிய வைப்பது வேறொன்றில்லை.

இதோடு இன்னொரு விசேஷமும் சேர்கிறது. வலையமைப்பு இடைமுகத்துக்குத் தனக்கென்று ஓர் ஆயுள் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பலர்: வழித்தடங்கள், முகவரிகள், அதன் மேல் அடுக்கப்பட்ட பிற இடைமுகங்கள். டிரைவர் விலகியே தீருவேன் என்று நின்றாலும், பிடித்த கைகள் எல்லாம் விடும் வரையில் கெர்னல் காத்திருக்கும். யாராவது ஒருவர் விடாமற் போனால், இன்ன இடைமுகம் விடுதலையாவதற்காகக் காத்திருக்கிறேன் என்று பத்து விநாடிக்கு ஒரு தரம் அது புலம்புவதைக் கணினி நிர்வாகிகள் பலர் திரையிலே கண்டு வயிறெரிந்திருப்பார்கள். தானே விடுவிக்கும் பட்டியலோ உபகரணத்துக்கும் டிரைவருக்கும் உள்ள பந்தத்தின் ஆயுளைப் பற்றியது. இரண்டு ஆயுள்களும் ஒன்றென்று எண்ணி எழுதுகிறவன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான் என்பதுதான் இதிலுள்ள மோசடி.

நடந்த கதை ஒன்று சொல்கிறேன். கேபிளோடு பேசும் சில்லுகளை ஈதர்நெட் கட்டுப்பாட்டகம் நிர்வகிப்பதற்கென்று எம்டிஐஓ என்ற ஒரு சிறு பாதை உண்டு. பல கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் என்னும் உபகரணத்தின் டிரைவர்கள் சில, இந்தப் பாதைக்கான நினைவகத்தைப் புதிய முறையிலும், அதைக் கெர்னலில் பதிவு செய்வதைப் பழைய முறையிலும் செய்துவந்தன. 2020-இல் அந்தப் பகுதியின் உள் அமைப்பு, நல்ல நோக்கத்தோடு, இன்னும் ஒழுங்காக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை நேர்ந்தது. இயந்திரத்தை அணைக்கும்போது, அந்த ஸ்விட்ச் தானே வேறெந்தப் பாதையில் அமர்ந்திருக்கிறதோ அந்தப் பாதையின் டிரைவர் தன் குழந்தைகளையெல்லாம் கழற்றிவிடப் புறப்படும். ஸ்விட்சின் டிரைவரோ, 'அணைப்புக்கான வேலையை முன்பே முடித்துவிட்டேன்' என்று விடைபெறும் சார்பில் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். ஆகையால் பதிவு நீக்கப்படாமலே நிற்கும். பட்டியலுக்கு அந்த நியாயங்கள் தெரியாது. அது தன் கடமைப்படி நினைவகத்தை விடுவிக்கப் போகும். பதிவில் இருக்கும் பொருளை விடுவிக்கலாகாது என்று கெர்னலிலேயே எழுதப்பட்டிருக்கும் காவல் உடனே விழித்துக்கொண்டு, இயந்திரத்தை நடுவழியில் நிறுத்திவிடும். தூங்கப் போன இயந்திரம் தூக்கத்திலேயே அலறிற்று. 2021-லும் 2022-லும் ஒவ்வொரு டிரைவராகப் பார்த்து இதைத் திருத்தினார்கள்: ஒன்று, இரண்டையும் கையால் செய்வது; இல்லையேல் இரண்டையும் பட்டியலிடம் விடுவது.

அந்தத் திருத்தங்களில் அடங்கியிருக்கும் விதிதான் நான் இங்கே வாதாடுவது. முழுவதும் அல்லது ஒன்றுமில்லை. பாதி மாற்றம் எதையும் சுத்தமாக்குவதில்லை. வரிகளைக் குறைத்துக் கிரமத்தை மறைக்கிறது. பழைய ஏணி அவலட்சணமாயிருந்தாலும், எது எப்போது போகிறது என்பதைப் படிப்பவன் கண்ணுக்கு எதிரே காட்டிக்கொண்டிருந்தது. மறைந்த கிரமத்தை மனத்திலே கட்டிப் பார்க்கவேண்டிய சிரமம் இப்போது பரிசோதிப்பவன் தலையில் விழுகிறது. ஒரே நாளில் இருபது டிரைவர்களுக்கு ஒரே அச்சில் வார்த்த திருத்தங்களை அனுப்புகிறவர், இருபது விதமான கிரமங்களைச் சரிபார்க்கும் பாரத்தை வேறொருவர் தோளில் ஏற்றிவிட்டுப் போகிறார்.

இந்த ஐயம் வலையமைப்புக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. லோரான் பிஞ்சார் என்னும் காமிரா டிரைவர் நிபுணர், 2022-ஆம் வருஷத்து லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டிலே, இந்தக் குடும்பத்திலே மிகச் சாதுவாய்த் தோன்றும் நினைவக ஒதுக்கீட்டுச் சார்பே ஏன் கேடு விளைவிக்கிறது என்று தலைப்பிட்டுப் பேசினார். ஒரு பயனர் உபகரணத்துக்குரிய கோப்பைத் திறந்து வைத்திருக்கையில் அந்த உபகரணத்தைப் பிடுங்கிவிட்டால், நினைவகம் போய்விடும், கோப்போ அவர் கையிலேயே இருக்கும் என்பது அவருடைய கவலை. 2023-இல் பீட்டர் சைல்ஸ்ட்ரா, கம்பைலரின் துணையால் ஒரு சார்பின் எல்லைக்குள்ளேயே பூட்டையும் நினைவகத்தையும் தானே விடுவிக்கும் வேறொரு வசதியைக் கொணர்ந்தபோதும், வலையமைப்புப் பராமரிப்பாளர்கள் அதையும் தங்கள் பழைய சந்தேகத்தோடேயே வரவேற்றார்கள். இருபது வரிக்கு மேற்பட்ட சார்புகளில் அதன் ஒருவகைப் பிரயோகம் வேண்டாமென்று எழுதியும் வைத்தார்கள். இருபது என்ற எண்ணில் சாஸ்திரம் ஒன்றுமில்லை. ஒரு திரையில் ஒரே பார்வையில் அடங்குகிற நீளம், அவ்வளவுதான்.

எதிர்க் கட்சிக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது தர்மமாகாது. யாரும் கால் வைக்காத ஏணிகளில் உளுத்த படிகள் உண்மையாகவே இருக்கின்றன. தொடக்கத்தில் தவறும்போது எதையோ விடுவிக்க மறந்த டிரைவர்கள் எத்தனையோ உண்டு. புதிய முறைக்கு மாற்றினால் அந்தப் பிழை ஒரு வரியில் தீரும். இன்று புதிதாக ஒரு டிரைவர் எழுத உட்காருகிறவர், நினைவகத்திலிருந்து இடைமுகத்தின் பதிவு வரையில் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே பட்டியலிடம் ஒப்படைத்து எழுதினால் அவரை நான் பாராட்டுவேன். 2020-இலிருந்து அந்தப் பதிவையும் பட்டியலிடமே விட வழி பிறந்திருக்கிறது. பழைய டிரைவரில் மெய்யான பிழை ஒன்றைக் கண்டு, அதைத் தீர்க்கும் வழியில் மாற்றுகிறவரையும் யாரும் தடுப்பதில்லை. பராமரிப்பாளர்கள் சில வேளைகளில் காட்டும் சிடுசிடுப்பு மட்டும் குறைந்தால் நன்றாயிருக்கும். வேண்டாம் என்பதை இதமாகச் சொல்ல இரண்டு வார்த்தைகள்தான் கூடுதலாகச் செலவாகும்.

இருந்தாலும் இத்தகைய திருத்தங்களின் அடியிலே அடிக்கடி ஒரு வரி காணப்படும்: கம்பைல் செய்து மட்டும் பார்த்தது, உபகரணத்தில் ஓட்டிப் பார்த்ததன்று. எழுதினவருடைய யோக்கியதைக்கு அந்த வரியே அத்தாட்சி. மறைக்காமல் சொன்னாரே என்று மரியாதை கூடத் தோன்றுகிறது. அந்த டிரைவரோ பதினைந்து வருஷமாக எங்கோ ஒரு தொழிற்சாலையின் மூலையில், யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாக இருக்கலாம். நான் பராமரிப்பாளராயிருந்தால் அந்தத் திருத்தத்தை நன்றியோடு திருப்பி அனுப்பிவிட்டு, அந்த அட்டை பழைய சாமான் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து ஒன்று வாங்கி, ஒரு நூறு தடவை செருகியும் கழற்றியும் பார்த்துவிட்டு மறுபடி எழுதும்படி கேட்டுக்கொள்வேன்.